குழு வேலையில் இருவர் மட்டும் உழைக்கிறார்கள் என்றால் எங்கே சரிசெய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஒன்பதாம் வகுப்பு, 42 பேர், 40 நிமிடப் பாடவேளை, நகர்த்த முடியாத பெஞ்சுகள். குழுவாகப் பிரித்து வேலை கொடுத்தால் ஒவ்வொரு குழுவிலும் ஓரிருவர் எழுதுகிறார்கள், மற்றவர்கள் அரட்டை அடிக்கிறார்கள், சத்தம் தாங்கவில்லை, பாடமும் முடிவதில்லை. கடைசியில், “மாணவர்களை ஈடுபடுத்த நல்ல குழுச் செயல்பாடுகள் நாலைந்து சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். செயல்பாடுகள் சொல்கிறேன். ஆனால் நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் உங்கள் உண்மையான கேள்வி வேறு: எந்தச் செயல்பாடாக இருந்தாலும், ஒரு பிள்ளைகூட ஒதுங்கி உட்கார வழியில்லாதபடி அதை எப்படி அமைப்பது? அதற்குத்தான் இங்கே பதில்.

ஒருவரே செய்து முடித்துவிடக்கூடிய வேலையை நால்வரிடம் கொடுத்தால், வேகமாகச் செய்பவர் செய்வார், மூவர் பார்ப்பார்கள். இதைச் சோம்பல் என்றோ ஒழுங்கீனம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரியவர்களும் அப்படித்தான். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனையில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த விசை, தனியாக இழுத்ததில் ஏறத்தாழ பாதிதான். ஒருங்கிணைப்பு இல்லாததால் அப்படி ஆனதோ என்ற ஐயத்தை 1979இல் லடானே குழுவினர் தீர்த்துவைத்தார்கள். கூட இன்னும் சிலர் கத்துவதாக நம்பவைத்தாலே போதும், உண்மையில் தனியாகக் கத்துபவரின் குரலும் தணிந்துவிட்டது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற எண்ணம் வந்ததும் முயற்சி குறைகிறது. உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுவே. ஆகவே “எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள்” என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இருக்காது. வேலையின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றவேண்டியவை இரண்டு. ஒன்று, மற்றவர் இல்லாமல் வேலை முடியாது என்ற நிலை. இரண்டு, கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தான் கற்றதைக் காட்டியாக வேண்டும் என்ற நிலை. கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் பல்லாண்டு காலம் பள்ளி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வந்தடைந்த முடிவும் இதை ஒட்டியதே: குழுவுக்குப் பொது இலக்கும் தனிநபர் பொறுப்பும் சேர்ந்து இருந்தால் கற்றல் கூடுகிறது, இவை இல்லாமல் வெறுமனே சேர்த்து உட்காரவைப்பதால் கிடைப்பது மிகக் குறைவு. இத்துறையில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் இது முதன்மையானது. நால்வருக்கு ஒரே சார்ட் பேப்பர், ஒரே ஸ்கெட்ச் பேனா கொடுத்து “படம் வரையுங்கள்” என்பது இரண்டையும் மீறுகிறது. வரைபவர் ஒருவர், மதிப்பெண் நால்வருக்கும்.

நால்வர் குழுவுக்கு உடனே போகாதீர்கள். இரண்டு வாரம் ஜோடியாகவே நடத்துங்கள். இருவர் இருக்கும் இடத்தில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது, பெஞ்சையும் நகர்த்த வேண்டாம். ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிய “யோசி, ஜோடியாகப் பேசு, வகுப்போடு பகிர்” என்ற முறை இதற்குப் பொருத்தம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் பேச்சே இல்லாமல் ஒவ்வொருவரும் நோட்டில் பதில் எழுதட்டும். பிறகு இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். அடுத்து, கை தூக்கியவரை விட்டுவிட்டு, பெயர்ச் சீட்டுகள் போட்ட டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, “உன் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்? நீ ஏற்கிறாயா?” என்று கேளுங்கள். மொத்தம் ஆறேழு நிமிடம்தான்.

இது மூன்று இடங்களில் கெட்டுப்போகும். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது அந்த ஒரு நிமிட மௌனம். அதை வெட்டினால் வேகமாக யோசிப்பவர் சொன்னதே ஜோடியின் பதிலாகிவிடும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். மூன்று நொடிக்கே அவ்வளவு பலன் என்றால் ஒரு முழு நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாவது, கேள்வி சப்பென்று இருப்பது. “பகா எண் என்றால் என்ன?” என்று கேட்டால் பத்து நொடியில் பேச்சு முடிந்து மீதி நேரம் அரட்டைதான். “இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை எப்போதும் அவ்விரண்டையும்விடப் பெரிதாகத்தான் இருக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஆம் என்பார்கள், யாராவது ஒருவர் பின்னத்தையோ பூச்சியத்தையோ இழுத்துக்கொண்டு வருவார், பேசுவதற்கு விஷயம் கிடைக்கும். மூன்றாவது, தானாகக் கை தூக்குபவரிடமே கேட்பது. அப்படிக் கேட்டால் மீதிப் பேருக்குப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

ஜோடிப் பேச்சு பழகியபின் வாக்கெடுப்பு முறையைச் சேருங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வி. எடுத்துக்காட்டாக: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அதன்மீது செயல்படும் விசை எது? சுழியம், மேல்நோக்கிய விசை, கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை, மேலும் கீழும் சமமான இரு விசைகள். ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் முடிவு செய்து, நீங்கள் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அ, ஆ, இ, ஈ அட்டைகளில் ஒன்றை மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பக்கத்தில் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். தோராயமாக எண்ணுங்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் கலந்துரையாடல் வேண்டாம், அந்தக் கருத்தை நீங்களே மறுபடி விளக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேலே என்றால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டது என்றால் விடையையும் எண்ணிக்கையையும் சொல்லாமல், “உன்னோடு மாறுபட்ட அட்டை வைத்திருப்பவரைத் தேடிப் பேசு” என்று மூன்று நிமிடம் கொடுத்து, மறுபடி வாக்கெடுங்கள். முதல் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தெரிந்தவர் சொன்னதை மற்றவர் ஒப்பிக்கிறார், அவ்வளவுதானே என்ற சந்தேகம் நியாயமானது. 2009இல் கல்லூரி மரபியல் வகுப்புகளில் செய்த ஆய்வு அதைத்தான் சோதித்தது. முதலில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும், பேசியபின் அதே கருத்தைச் சோதிக்கும் புதிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் இருந்தார்கள்.

நால்வர் குழுவுக்கு எளிய தொடக்கம் “எண் அழைப்பு”. முன் பெஞ்சு ஜோடி பின்னால் திரும்பி உட்கார்ந்தால் குழு தயார். 42 பேர் என்றால் நால்வர் குழு ஒன்பதும் மூவர் குழு இரண்டும் வரும். ஐவர் குழு போடாதீர்கள், ஐந்தாமவர் ஓரமாகத்தான் இருப்பார். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4 வரை எண். கேள்வியைக் கொடுத்து, தனியாக எழுத ஒரு நிமிடம், பேச நான்கு நிமிடம். பேசி முடித்த பிறகுதான் பகடையை உருட்டி (5, 6 விழுந்தால் மறுபடி உருட்டி) எண்ணைச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சொன்னால் அந்த எண்காரரை மட்டும் தயார்செய்துவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். 3 விழுந்தால் எல்லாக் குழுவிலும் மூன்றாம் எண் எழுந்து நிற்க, ஓரிருவரிடம் கேளுங்கள். மூவர் குழுவில் 4 விழுந்தால் யாரைக் கேட்பது என்பதை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். “விடை என்ன?” என்று மட்டும் கேட்டால் தாளைப் பார்த்துப் படித்துவிடுவார், “இந்தப் படி ஏன் வந்தது?” என்று கேட்டால்தான் குழு உண்மையிலேயே சொல்லிக்கொடுத்ததா என்று தெரியும்.

மற்றவர் இல்லாமல் வேலை நடக்காது என்பதை உச்சத்துக்குக் கொண்டுபோவது ஜிக்சா. எலியட் அரான்சன் 1971இல் ஆஸ்டினில், வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்த வகுப்புகளில் பகையைக் குறைப்பதற்காக வடிவமைத்தது. பாடத்தைப் பகுதிகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. ஒரே பகுதி பெற்றவர்கள் கூடிக் கற்பது. பின் சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிப்பது. இதற்கு ஐந்திணையைவிட வசதியான பாடம் இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து பகுதிகள், ஒன்றைப் படிக்க மற்றொன்று தேவையில்லை. 42 பேரை ஐந்தைந்தாகப் பிரித்தால் எட்டுக் குழு, மிச்சம் இருவர். அந்த இருவரை இரண்டு குழுக்களில் ஒரு பகுதிக்கு இரட்டையாகப் போடுங்கள். (ஐவர் குழு வேண்டாம் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது, ஒவ்வொருவர் கையிலும் வேறு பாடம் இருப்பதால் ஓரமாக இருக்க இடமில்லை.) முதல் பாடவேளையில் தனியாகப் படிக்க 10 நிமிடம், ஒரே திணைக்காரர்கள் கூடிப் பேச 20 நிமிடம். எட்டு ஒன்பது பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பேர் கேட்பவர்களாகிவிடுவார்கள், ஆகவே அவர்களை நான்கு நான்காக உடைத்துவிடுங்கள். இரண்டாம் பாடவேளையில் சொந்தக் குழுவில் ஆளுக்கு நான்கு நிமிடம், ஆக 20. கடைசி 10 நிமிடம் தனித்தனி எழுத்துத் தேர்வு, பேச்சு இல்லை.

அந்தத் தேர்வில் ஒரு கேள்வியாவது இரண்டு பகுதிகளைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும்படி இருக்க வேண்டும். “கார்காலத்து மாலைப்பொழுதில் ஊடல் நிகழ்வதாக ஒரு பாட்டு. எந்தத் திணை, ஏன்?” காரும் மாலையும் முல்லைக்கு உரியவை என்று முல்லைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், ஊடல் மருதத்தின் உரிப்பொருள் என்று மருதக்காரர் சொல்லியிருக்க வேண்டும், பொழுது மயங்கினாலும் உரிப்பொருளே திணையைத் தீர்மானிக்கும் என்பதை எழுதுபவர் தானே பிடிக்க வேண்டும். இப்படிக் கேட்டால் அடுத்த முறை யாரும் தன் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மற்றவர் பேசும்போது வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

ஜிக்சாவில் பெரிய ஆபத்து, ஒருவர் தவறாகக் கற்று நால்வருக்கும் தவறாகக் கற்பிப்பது. சொந்தக் குழுவில் தவறு பரவிய பிறகு எட்டுக் குழுவையும் திருத்த உங்களால் முடியாது. ஆகவே உங்கள் கவனமெல்லாம் கூடிக் கற்கும் அந்த 20 நிமிடத்தில் இருக்கட்டும்: ஒவ்வொருவரும் கற்பிக்கப்போகும் செய்தியை மூன்று வரியில் எழுத வேண்டும், நீங்கள் அதைப் படித்து டிக் போட்டபிறகே எழுந்து போகலாம். இரண்டாம் நாள் ஒரு மாணவர் வராவிட்டால் அவர் பகுதி ஓட்டையாகிவிடும் என்பது அடுத்த சிக்கல். அந்த மூன்று வரித் தாள்களை நீங்கள் வாங்கி வைத்திருந்தால் அதைக் குழுவிடம் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பாடத்துக்கு இந்த முறை ஒத்துவராது. ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை ஐந்தாக வெட்டிக் கொடுத்தால், இரண்டாம் படி தெரியாமல் நான்காம் படியை யாரும் புரிந்துகொள்ள முடியாது.

குழுவை யார் பிரிப்பது என்றால், நீங்கள்தான். நண்பர்களாகச் சேரவிட்டால் ஓரிருவர் யாருக்கும் வேண்டாதவராக மிஞ்சுவார்கள், அந்தக் காயம் பாடத்தைவிட நீண்ட நாள் நிற்கும். நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், பின்தங்கியவர் என்று எல்லாரையும் கலப்பதுதான் வழக்கமான அறிவுரை. இதில் நோரீன் வெப் என்ற கல்வி ஆய்வாளர் கவனித்த ஒரு நுட்பம் உண்டு. மூன்று நிலையினரும் இருக்கும் குழுவில் முதலாமவர் பின்தங்கியவருக்கு ஆசிரியராகிவிடுகிறார், நடுவில் இருப்பவர் கேட்பாரற்றுப் போகிறார். ஆகவே ஒரு குழுவில் அடுத்தடுத்த இரண்டு நிலையினரை மட்டும் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் எந்தக் கலவை சிறந்தது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே குழுவை நான்கைந்து வாரம் வைத்திருங்கள். தினமும் மாற்றினால் ஒருவருக்கொருவர் கூச்சம் போவதற்குள் குழு கலைந்துவிடும்.

வெப்பின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட உறுதியானது, அன்றாட வகுப்புக்கு இதைவிட முக்கியமானது. குழுவில் விளக்கம் கொடுப்பவருக்குக் கற்றல் கூடுகிறது. கேள்வி கேட்டு, விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் பெற்றவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, சில நேரம் பின்னடைவுகூட ஏற்படுகிறது. “இந்தா, இதை எழுதிக்கோ” என்று நோட்டைத் தள்ளுவதுதான் குழு வேலையில் அதிகம் நடக்கும் தீங்கு. எனவே எப்படி உதவுவது என்பதையே ஒரு பாடமாக, தனியாகப் பத்து நிமிடம் கற்பியுங்கள். பேனா எப்போதும் புரியாதவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. “எந்தப் படி வரை புரிந்தது?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விளக்கம் பெற்றவர் அதே போன்ற இன்னொரு கணக்கை உடனே தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பேசாமலே இருக்கும் பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 42 பேரில் நிச்சயம் இருப்பார்கள். எலிசபெத் கோஹன் ஸ்டான்ஃபோர்டில் செய்த பணி முழுவதும் இதைச் சுற்றியதுதான். ‘கெட்டிக்காரர்’ என்று வகுப்பு கருதும் பிள்ளை அதிகம் பேசுகிறது, அதிகம் பேசுவதால் அதிகம் கற்கிறது. மந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை சரியான விடை சொன்னாலும் யார் காதிலும் விழுவதில்லை. “குழுத் தலைவர்” என்ற பொறுப்பு இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் கெட்டிப்படுத்துகிறது, அதை எடுத்துவிடுங்கள். நீங்கள் சுற்றி வரும்போது அந்தப் பிள்ளை செய்த ஒன்றைக் கவனித்து, குழுவின் முன்னால், குறிப்பாகச் சொல்லுங்கள்: “அலகு மாறியிருப்பதை இவள் கண்டுபிடித்திருக்கிறாள், அதைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.” பாராட்டு உண்மையாக இருக்க வேண்டும். இல்லாததைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், நிலைமை முன்பைவிட மோசமாகும்.

குழுவுக்கென்று ஒரே மதிப்பெண் போடாதீர்கள். அது நியாயமும் இல்லை, உழைத்தவர்களைக் குழு வேலையையே வெறுக்கவைக்கும். தனித்தனித் தேர்வு வையுங்கள். குழுவுக்கு ஊக்கம் வேண்டும் என்றால் ஸ்லாவினின் முன்னேற்றப் புள்ளி முறை இருக்கிறது: ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அவருடைய முந்தைய சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு, தன் சராசரியைத் தாண்டினால் 20, பத்துக்கு மேல் தாண்டினால் 30, சற்றுக் குறைந்தால் 10, வெகுவாகக் குறைந்தால் 5, குழுவின் சராசரிப் புள்ளியைப் பலகையில் எழுதிப் பாராட்டினால் போதும். 35 வாங்கும் பிள்ளை 46 வாங்கினால் குழுவுக்கு 30 புள்ளி கொண்டுவருகிறது. அப்போது அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மற்றவர்களுக்கும் பயனுள்ள வேலையாகிறது. எப்போதும் 95 வாங்குபவரால் பத்து தாண்ட முடியாது என்பதால், முழு மதிப்பெண்ணுக்கும் 30 என்று வைத்துவிடுங்கள்.

இனி, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது. “படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், பிறருக்குக் கற்பித்தால் 90 சதவீதம் நிற்கும்” என்ற பிரமிடு படம் பயிற்சி வகுப்புகளில் சுற்றுகிறது. அந்த எண்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை, அதை மேற்கோள் காட்டாதீர்கள். 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்த ஒன்று, அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் விரிவுரையால் மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர்கள் செயல்பட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம் என்று காட்டியது. இது வலுவான சான்று, ஆனால் அது கல்லூரி வகுப்புகளைப் பற்றியது, குழு வேலையோடு பலவகைச் செயல்பாடுகளும் அதில் அடங்கும். ஜிக்சா மதிப்பெண்ணை உயர்த்துமா என்பதில் முடிவுகள் கலவையாகவே உள்ளன. முற்றிலும் புதிய கணக்கு வழிமுறையைக் குழுவில் கண்டுபிடிக்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு மூன்று மாதிரிக் கணக்குகளை நீங்கள் போட்டுக் காட்டியபின் குழு வேலை தொடங்கட்டும். மாணவர்களே “சார், நீங்களே நடத்துங்க, அப்பதான் புரியுது” என்று கேட்கக்கூடும். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஒப்பிட்டபோது, செயல்பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். யோசிப்பது களைப்பாக இருக்கிறது, அந்தக் களைப்பைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

பாடம் முடிவதில்லை என்ற கவலைக்கு: முழுப் பாடவேளையையும் குழுவுக்குக் கொடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு ஜோடிப் பேச்சு, வாரத்துக்கு இரண்டு வாக்கெடுப்பு, மாதத்துக்கு ஒரு ஜிக்சா என்றால் நேரம் கட்டுக்குள் இருக்கும். சத்தத்துக்கு ஒரே சைகை போதும்: நீங்கள் கை உயர்த்தினால் பார்த்தவர் பேச்சை நிறுத்திக் கை உயர்த்த வேண்டும். பாடம் தொடங்கும் முன் இதை நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். வேலை தொடங்கிய முதல் இரண்டு நிமிடம் எந்தக் குழுவின் பக்கமும் போகாதீர்கள், போனால் உங்களிடமே கேட்பார்கள். யாராவது சந்தேகம் கேட்டால், அவரை விட்டுவிட்டு அதே குழுவில் இன்னொருவரிடம் “இவர் கேள்வி என்ன?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் “குழுவில் பேசிவிட்டுக் கூப்பிடுங்கள்” என்று நகர்ந்துவிடுங்கள். இரண்டாம் வாரம் முடிவில் பத்துப் பேரின் நோட்டை வாங்கி அந்த ஒரு நிமிட மௌனத்தில் எழுதியதை மட்டும் பாருங்கள். பத்தில் எட்டிலாவது ஏதோ எழுதியிருந்தால் நால்வர் குழுவுக்குப் போகலாம். வெற்றுத் தாள்களே அதிகம் என்றால் கேள்வி மிகக் கடினமாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் எளிய கேள்விகளோடு ஜோடியிலேயே தொடருங்கள்.